தணல் காத்த உடும்பார்

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். ஆளாளுக்கு அவரவர் காட்டை நினைத்துக்கொண்டு படித்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்தக் காட்டில் ராஜா என்று யாரும் கிடையாது. எந்த விஷயமானாலும் மிருகங்களும் பறவைகளும் கூடித்தான் முடிவு செய்யும். அதற்கு ஒரு சுலபமான வழக்கம் இருந்தது. சாயங்காலம் எல்லாரும் தண்ணீர் குடிக்கக் குட்டைக்கு வருவார்கள். அன்றைய விஷயம் என்னவோ அதைக் கூட்டத் தலைவர் உரக்கச் சொல்வார். சரி என்பவர்கள் வடகரையில் தண்ணீரைத் தொடுவார்கள். கூடாது என்பவர்கள் தென்கரையில் தொடுவார்கள். எந்தக் கரையில் தண்ணீரைத் தொட்டாயோ அதுதான் உன் வாக்கு. எல்லாரும் தொட்டு முடித்ததும் யானை அண்ணாச்சி வந்து இரண்டு கரையையும் ஒரு பார்வை பார்ப்பார். எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டு, தாமும் ஒரு வாய் குடித்துவிட்டுப் போவார். பெட்டி இல்லை, சீட்டு இல்லை, விரலில் மை இல்லை. தாகமும் தீர்ந்தது, விஷயமும் முடிந்தது.

இப்படி முடிவு செய்த பழைய விதிகளில் ஒன்று, குட்டையைச் சுற்றி யாரும் முட்டை எடுக்கக் கூடாது என்பது. அந்த விதி வந்த அன்று உடும்பு வம்சம் மொத்தமும் தென்கரையில் நின்று எதிர்த்துக் குடித்தது. தோற்றது. தோற்றவர்களும் விதியை மதித்து நடந்தார்கள். அப்படியும் ஒரு காலம் இருந்தது.

நம் கதைக்கு உரியவள் வடிவு. ஆள்காட்டிக் குருவி. மஞ்சள் காலும் கறுப்புக் கழுத்துமாக, எந்நேரமும் யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல நிற்பாள். காட்டுக்குக் காவல் குரல் அவளுடையது. ஆபத்து வந்தால் ஒரு குரல், ஆபத்து தீர்ந்தால் இன்னொரு குரல். அவள் ஒருநாளும் இல்லாததைக் கூவியதில்லை. இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் பின்னால் அவளைக் கெடுத்தது.

அவளும் அவள் புருஷன் மாசானமும் தென்கரையில் குடியிருந்தார்கள். ஆள்காட்டிகள் கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டுவிடும். வெயில் ஏறினால் கல் கொதிக்கும், முட்டை வெந்துவிடும். அதனால் தாயோ தகப்பனோ தண்ணீரில் இறங்கி, வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைமேல் உட்கார்ந்து குளிரவைக்க வேண்டும். அந்தக் கோடையில் வடிவு நான்கு முட்டை இட்டிருந்தாள். போன வருஷம் இட்டது மழை வெள்ளத்தில் போய்விட்டது. இந்த நான்கும் பொரிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

அந்த வருஷத்துக் கூட்டத் தலைவர் உடும்பார். அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், புலியை உட்காரவைத்தால் பயம். கரடியை உட்காரவைத்தால் தூங்கிவிடும். மந்தியை உட்காரவைத்தால் கிளை மாறிவிடும். உடும்பாரோ வயிறு மண்ணில் உரச நடப்பவர். இவ்வளவு தாழ்ந்து நடப்பவருக்குத் தலைக்கனம் எங்கிருந்து வரும் என்று நினைத்தார்கள். உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது என்பது ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். காட்டில் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஒருநாள் தெற்கே மூங்கில் காட்டில் தீப்பிடித்தது. முதலில் கண்டது வடிவுதான். அவள் கூவிய கூவலில் காடே எழுந்து ஓடியது. முயல்கள், மான்கள், குட்டிபோட்ட பன்றிகள், எல்லாம் குட்டைக்கு வடக்கே வந்து சேர்ந்தன. புகைக்கு நடுவே உடும்பார் ஒரு பாறைமேல் ஏறினார்.

"அன்பான காட்டு மக்களே, தீ வாசலுக்கு வந்துட்டு. இப்பப் போய்க் கரை கரையா நின்னு தண்ணி தொட்டு முடிவெடுத்துக்கிட்டு இருக்க முடியுமா? தீ தீருத வரைக்கும் நான் சொல்லுததை எல்லாரும் கேளுங்க. தீர்ந்த மறுநிமிஷம் நான் யாரோ, நீங்க யாரோ."

நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். முள்ளம்பன்றியார் மட்டும் கையைத் தூக்கினார். அவர் எதற்கும் தென்கரையில் குடிப்பவர். விதிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசுவதில் காட்டில் அவருக்கு நல்ல பேர்.

"தீர்ந்துட்டுன்னு யாருவே சொல்லணும்? நீரே சொல்லிக்கிடுவீரோ?"

"நீங்களே ஒரு வழி சொல்லுங்க," என்றார் உடும்பார், இருந்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டு.

"வடிவு சொல்லட்டும். அவ தீர்ந்ததுன்னு கூவின உடனே உம்ம அதிகாரம் செல்லாது. சரிதானா?"

"ரொம்ப சரி. வடிவக்காவை விட நம்பிக்கையான ஆளு யாரு இருக்கா?"

முள்ளம்பன்றியாருக்குத் தாம் போட்ட பூட்டைப் பற்றி ரொம்பத் திருப்தி. பூட்டு நல்ல பூட்டுதான். சாவியை நான்கு முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். தீயை உடும்பார் நன்றாகவே கையாண்டார். பன்றிகளை விட்டுப் பள்ளம் வெட்டச் சொன்னார். யானைகளைத் தண்ணீர் பீச்ச வைத்தார். யாரும் சாகவில்லை. தென்கரையில் கல்லும் மணலும்தான் என்பதால் வடிவின் முட்டைகளும் தப்பின. பிறகு ஒரு கோடைமழை பிடித்துக்கொண்டு கொட்டியது. தீ அணைந்தது.

மழை விட்டதும் வடிவு தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆனாலும் ஒரு தரம் சுற்றிப் பார்க்காமல் கூவ அவளுக்கு மனசு வரவில்லை. உடும்பாரும் கூடவே வந்தார். தென்கரைக்குச் சற்றுத் தள்ளி, பட்டுப்போன ஓர் இலுப்பை மரத்தின் அடிக்கட்டை கரிந்து நின்றது. உடும்பார் அதன் பொந்தைக் காட்டினார். உள்ளே நகக்கண் அளவுக்குச் சிவப்பாக ஏதோ மினுங்கியது.

"இது என்னக்கா?"

"தணல்."

"தணல்னா தீதானே?"

"தீதான்."

"அப்போ தீர்ந்துட்டா, தீரலையா?"

வடிவு யோசித்தாள். "தீரலை," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொய் சொல்லுத வாய் இல்ல உங்களுக்கு. அது எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு உடும்பார் மெதுவாகத் திரும்பி நடந்தார்.

இதைக் கேட்ட மாசானம் முட்டைமேல் உட்கார்ந்தபடியே சிரித்தான். "அண்ணாச்சி தும்பிக்கையில ஒரு வாய் தண்ணி ஊத்தினா முடிஞ்சுது சோலி. அதுக்கா இவ்வளவு யோசனை?"

வடிவு போய் அதையே உடும்பாரிடம் சொன்னாள். அவர் பதறிவிட்டார். "அனுபவம் இல்லாதவங்க தணல் பக்கம் போகப்படாதுக்கா. ஏதாவது ஆயிட்டுன்னா? அதுக்குன்னே குழு ஒண்ணு போட்டிருக்கேன்." குழுவின் பெயர் தணல் கண்காணிப்புக் குழு. செயலாளர் கீரி. உறுப்பினர்கள் கீரியின் மச்சான்மார்கள்.

மறுநாள் தென்கரை நெடுக இலந்தை முள் வேலி போட்டார்கள். தணல் இருக்கும் பக்கம் ஆபத்துப் பகுதி, யாரும் வரக் கூடாது. ஏதோ ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன ஒலிபெருக்கியைக் கீரி எங்கிருந்தோ இழுத்து வந்து பாறைமேல் வைத்தது. அன்றிலிருந்து விடிந்தால் அடைந்தால் அதில் உடும்பாரின் குரல்தான். வடகரையில் வரிசை. வரிசைக்கு டோக்கன். ஆலிலையில் கீரி பல்தடம் பதித்துக் கொடுத்தால்தான் டோக்கன் செல்லும். டோக்கன் வாங்க இன்னொரு வரிசை.

வடிவுக்கு மட்டும் சலுகை. அவள் காலிலும் மாசானம் காலிலும் கீரியே வந்து சிவப்பு நூல் கட்டியது. நூல் இருக்கிறவர்கள் வேலிக்கு உள்ளே போய்வரலாம், முட்டைமேல் உட்காரலாம். தென்கரைத் தண்ணீரைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

"காலடியில தண்ணி கெடக்கு. அதை விட்டுட்டு அந்தக் கரைக்குப் போய் வரிசையில நிக்கவா?" என்று மாசானம் கேட்டான்.

"இந்தக் கரைத் தண்ணியில சாம்பல் கலந்திருக்கு. அந்தக் கரைத் தண்ணி சுத்தம்."

"ரெண்டும் ஒரே குட்டைதானய்யா?"

"பாக்க ஒண்ணு. உத்தரவுப்படி ரெண்டு," என்றது கீரி.

வடிவு சண்டை போடவில்லை. முட்டைக்குப் பக்கத்தில் இருக்க விட்டார்களே, அதுவே பெரிது என்று நினைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் எல்லாரும் ஏதோ ஒரு நூலைக் காலில் கட்டிக்கொண்டு நன்றி சொன்னவர்கள்தான்.

இங்கே உடும்பாரின் பெருந்தன்மையைச் சொல்லியாக வேண்டும். அதிகாரம் முழுக்கத் தம் கையில் இருந்தும் அவர் வாக்கெடுப்பை நிறுத்தவில்லை. முன்பு சாயங்காலம் ஒன்று நடந்தால் அதிகம். இப்போது காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று நடந்தது. முதல் வாக்கெடுப்பு, கீரிகள் எல்லாருக்கும் முன்னால் குடிக்கலாமா என்பது. யானை அண்ணாச்சி வந்து பார்த்தார். எல்லாரும் வடகரையில் நின்றார்கள். தென்கரையில் முள் வேலிதான் நின்றது.

"வடகரையில எல்லாரும். தென்கரையில யாருமில்லை," என்றார் அண்ணாச்சி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்தது, மந்திகள் மரத்தின்மேல் உட்கார்ந்து கீழே நடப்பதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது. ஏகமனது. அதற்கடுத்தது, தணல் இருக்கும்வரை தலைவர் தேர்தல் வேண்டாம் என்பது. அதுவும் ஏகமனது. இந்தக் காட்டில் இத்தனை ஒற்றுமையைத் தாம் பார்த்ததே இல்லை என்று உடும்பார் ஒலிபெருக்கியில் இரண்டு தரம் சொன்னார்.

முள்ளம்பன்றியாருக்குத்தான் அது பொறுக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து கீரியிடம் கேட்டார். "எதிர்க்கணும்னு நினைக்கிறவன் எங்கவே தண்ணி தொட?"

"எதிர்க்க உங்களுக்குப் பூரண உரிமை இருக்கு அண்ணாச்சி. தாகம்தான் இருக்கப்படாது."

முள்ளம்பன்றியார் ரோஷக்காரர். தண்ணீரைத் தொடாமலே இருந்தார். நாக்கு வறண்டு, நடை தளர்ந்து, நிழலில் சுருண்டு படுத்துவிட்டார். உடனே கண்காணிப்புக் குழு கூடியது. அவருடைய முள் எல்லாம் காய்ந்துபோய்விட்டது, தணல் பட்டால் தீப்பிடிக்கும், எனவே அவருடைய நன்மைக்காகவே அவரை ஒரு வளைக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று முடிவு செய்தது. கொஞ்ச நாள் பாதுகாத்துவிட்டு வெளியே விட்டார்கள். வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே வடகரைக்குப் போய் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். அப்போது எதன்மேல் வாக்கெடுப்பு நடக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை.

இதெல்லாம் வடிவின் கண்ணில் படாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவள் இலுப்பைக் கட்டையை எட்டிப் பார்ப்பாள். உள்ளே சிவப்பு மினுங்கும். தீரவில்லை, தீராததைத் தீர்ந்தது என்று எப்படிக் கூவுவது என்று திரும்பிவிடுவாள்.

ஒரு விடிகாலை எட்டிப் பார்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கீரி காய்ந்த சருகை வாயில் கவ்விக்கொண்டு வந்து பொந்துக்குள் போட்டது. அதன் மச்சான் கன்னம் உப்ப உப்ப ஊதினான்.

"என்ன செய்தீய?" என்று கேட்டாள் வடிவு.

கீரி கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "தணலைக் காப்பாத்துதோம்க்கா. நேத்து அணையவே பாத்துட்டு. நல்லவேளை, ஆளுக முழிச்சிருந்தாங்க."

"அணைஞ்சா நல்லதுதானே?"

"நல்லாச் சொன்னீய போங்க. அணைஞ்சுட்டா நாளைக்கு நீங்க எதைப் பாத்துத் தீரலைன்னு சொல்லுவீய? உங்க நல்ல பேரு என்னத்துக்கு ஆகும்?"

வடிவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாளும் தான் பெருமையாகச் சுமந்த உண்மையை இவர்கள் சருகு போட்டு வளர்த்திருக்கிறார்கள். அவள் ஓடிப்போய் மாசானத்திடம் சொன்னாள். "இப்பவே கூவப்போறேன்."

மாசானம் அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றான். "கூவு. நான் வேண்டாம்னு சொல்லலை. கூவின உடனே நூலை அறுப்பான். நாம வேலிக்கு அந்தப் பக்கம் நிப்போம், முட்டை இந்தப் பக்கம் வேகும். அதைப் பாத்துக்கிட்டு நிப்பியா?"

"அதுக்காக?"

"பொரிக்கட்டும் வடிவு. இன்னும் கொஞ்ச நாள்தானே. குஞ்சு காலூன்றி நடக்கட்டும். பெறவு நீ கூவு, நானும் சேந்து கூவுதேன்."

வடிவு முட்டைகளைப் பார்த்தாள். ஒன்றன் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய தட்டல் கேட்டதுபோல இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வரிசையில் நிற்கும்போது மற்றவர்கள் அவள் காதோரம் வந்து முணுமுணுப்பார்கள். "எப்பக்கா கூவப்போறீய? தாங்க முடியலை," என்று கேட்ட புள்ளிமான், அடுத்த மூச்சிலேயே, "ஆனா இந்த வாரம் வேண்டாம். புல்வெளிக்குப் போக எனக்கு ஒரு நூல் தாரேன்னு செயலாளர் சொல்லியிருக்காரு. அது கைக்கு வந்த பெறவு கூவுங்க," என்றது. முயலுக்கு வளையை அகலப்படுத்த அனுமதி வர வேண்டியிருந்தது. பன்றிக்குக் கிழங்கு தோண்ட. நெருக்கடி ஒழிய வேண்டும் என்பதில் காட்டில் இரண்டு கருத்து இல்லை. தன் காரியம் ஒன்று முடிந்த பிறகு ஒழிய வேண்டும் என்பதிலும் இரண்டு கருத்து இல்லை. இந்த ஏகமனதை மட்டும் யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

ஒருநாள் வெயில் கொளுத்தியது. கூழாங்கற்கள் அனலாய்க் கொதித்தன. முட்டைமேல் மாசானத்தை உட்காரவைத்துவிட்டு வடிவு வடகரைக்குப் பறந்தாள். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ஒருவழியாகத் தண்ணீரில் இறங்கினாள். வயிற்றுச் சிறகு முழுக்க நனைய வேண்டும் என்று ஆழமாகவே இறங்கி உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"இன்றைய தீர்மானம். ஆபத்துப் பகுதியில் உள்ள முட்டைகளின் பாதுகாப்பைக் கருதி, அவற்றைத் தலைவர் தம் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொள்வது."

வடிவு திடுக்கிட்டுக் கரைக்குத் தாவினாள். சிறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீரி அவளையும் சொட்டும் தண்ணீரையும் பார்த்தது.

"நான் இதுக்குத் தொடலை. முட்டையை நனைக்கத் தண்ணி எடுக்க வந்தேன்," என்றாள் வடிவு.

"எல்லாரும் தண்ணி எடுக்கத்தானக்கா வாராங்க. வேற எதுக்கு வாராங்க?"

அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி கரைகளைப் பார்த்தார். "வடகரையில எல்லாரும். தென்கரையில யாருமில்லை."

நனைந்த சிறகின் கனத்தோடு அவள் பறந்து போய்ச் சேர்வதற்குள் உடும்பார் போய்ச் சேர்ந்திருந்தார். தீ அணைக்கும்போதுகூட அவர் அத்தனை வேகமாகப் போனதில்லை. மாசானம் கொத்தினான், கத்தினான், சிறகால் அடித்தான். அவர் ஒரு முட்டையைக் கவ்வியபோது கண்ணைக் குறிபார்த்துப் பாய்ந்தான். கீரியின் மச்சான் அவன் காதருகில் போய் ஒன்று சொன்னான். "ஏன்யா சண்டை போடுத? உன் வீட்டுக்காரியே சம்மதிச்சிட்டா."

மாசானம் அதோடு நின்றுவிட்டான். நான்கு முட்டைகளும் தலைவரின் நேரடிப் பொறுப்புக்குள் இறங்கின. அவர் நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வேலியைத் தாண்டிப் போனார்.

வடிவு வந்து இறங்கியபோது கல்லுக்கு நடுவே கொஞ்சம் ஓடு கிடந்தது. அவள் வயிற்றிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ சம்மதிச்சியாட்டி?" என்று கேட்டான் மாசானம்.

நனைந்த சிறகோடு அந்த வெறும் கல்மேல் உட்கார்ந்தாள். வயிற்றுக்கு அடியில் எதுவும் இல்லை. இந்தக் கதையில் நான் யாரையும் மன்னிக்கப் போவதில்லை என்று முடிவு செய்த இடம் இதுதான்.

பிறகு அவள் எழுந்தாள். குட்டைக்கு மேலே, வரிசைக்கு மேலே, இலுப்பைக் கட்டைக்கு மேலே பறந்து பறந்து கூவினாள். தீர்ந்தது, தீர்ந்தது, தீர்ந்தது. காடு அந்தக் குரலைக் கேட்டு நாளாகியிருந்தது. வரிசை நின்றது. பன்றிகள் தலையைத் தூக்கின. விதிப்படி அந்த நிமிஷமே உடும்பாரின் அதிகாரம் செல்லாது. எல்லாருக்கும் அது தெரியும். எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள்.

உடும்பார் கோபப்படவில்லை. ஒலிபெருக்கியில் அவர் குரல் இரக்கத்தால் குழைந்தது. "நம்ம வடிவக்கா பெரிய இழப்புல இருக்காங்க. இந்த நேரத்துல அவங்க என்ன பேசினாலும் நாம பெரிசா எடுத்துக்கிடப்படாது. அவங்களுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

மௌனமாக நின்றார்கள். அந்த மௌனத்துக்கு மேலே அவள் கூவிக்கொண்டே இருந்தாள்.

"பாவம்," என்றது புள்ளிமான். அதன் காலில் புது நூல் இருந்தது.

"முட்டை இருந்த வரைக்கும் வாயைத் தொறக்கலை," என்றது முயல். "முட்டை போனதும் தீர்ந்துட்டுங்கா. இது சொந்த விரோதம். பொது விஷயம்னு எப்படி நம்ப?"

வடிவு முள்ளம்பன்றியாரிடம் இறங்கி வந்தாள். "அண்ணாச்சி, நீங்க போட்ட விதிதானே. நான் கூவினா முடிஞ்சுதுன்னு சொன்னீயளே."

முள்ளம்பன்றியார் தம் டோக்கனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சொன்னேன். ஆனா அந்த விதியோட உள்நோக்கம் என்னன்னு பாக்கணும் தாயி. பாரபட்சமில்லாதவ கூவணும்ங்கதுதான் நோக்கம். இப்ப உனக்குத் தலைவர்மேல வருத்தம் இருக்கு. வருத்தம் இருக்கிற வாயில வந்த குரலைக் கணக்குல எடுத்தா, நாளைக்கு அது தப்பான முன்னுதாரணம் ஆயிரும்." வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் பெரிய வாக்கெடுப்பு. தணல் இனி நிரந்தரம். அதைப் பேணிக் காப்பது காட்டின் கடமை. வடகரை நிரம்பி வழிந்தது. மாசானமும் அங்கேதான் நின்றான். அவனுக்கும் தாகம் இருந்தது. தவிர, அவன் அவளோடு பேசுவதில்லை.

வடிவு அந்தப் பக்கம் போகவில்லை. காலில் இருந்த நூலைத் தன் அலகாலேயே அறுத்துப் போட்டாள். வேலியைத் தாண்டி, எல்லாரும் பார்க்கும்படி, தென்கரையில் தண்ணீருக்குள் இறங்கினாள். இறங்கிக் குனிந்து ஒரு வாய் குடித்தாள். சாம்பலும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீர். நிமிர்ந்து எதிர்க்கரையைப் பார்த்தாள். கீரி எழுந்தது. உடும்பார் ஒரு விரலைத் தூக்கி அதை உட்காரச் சொன்னார்.

யானை அண்ணாச்சி வந்தார். வடகரையைப் பார்த்தார். பிறகு தென்கரையைப் பார்த்தார். அவர் கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது. கூழாங்கல்லுக்கு நடுவே எறும்பு போனாலும் ஒதுங்கி நடக்கிறவர். வடிவு அவரைப் பார்த்தபடியே நின்றாள். ஒன்று என்று ஒரு சொல் வந்தால் போதும். ஏகமனது இல்லை என்றாகிவிடும். ஜெயிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. போனவை நான்கும் தன் சம்மதத்தோடு போகவில்லை என்று காட்டில் ஒரு வாய் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணாச்சி தும்பிக்கையை ஒருமுறை ஆட்டினார்.

"வடகரையில எல்லாரும்," என்றார். "தென்கரை மூடியிருக்கு. மூடின இடத்துல யாரும் இருக்க முடியாது. அதனால யாருமில்லை."

வடகரையில் கைதட்டல் எழுந்தது.

"அண்ணாச்சி, நான் இங்கதான் நிக்கேன்," என்றாள் வடிவு.

"தெரியுதும்மா," என்றார் அண்ணாச்சி. "எண்ணிக்கையிலதான் வரலை."

நீதி: தாகமுள்ள பிராணி எதற்கும் சம்மதிக்கும். ஆகவே நல்லாட்சி நடத்த விரும்புவோர் தணலை அணைய விடக் கூடாது. பிரஜைகளின் தாகத்தைத் தீர விடவும் கூடாது.